கயிறு என்று கத்தவும்

மார்ச் 4, புதன்

மேடம் அவர்களுக்கு,

கோபத்தில் மேடம் என்று எழுதவில்லை. பயிற்சிப் பிரிவிலிருந்து நேற்று வந்த அட்டைப்பெட்டியின் மேல் அனுப்புநர் என்ற இடத்தில் உன் பதவியைத்தான் அச்சடித்திருக்கிறார்கள், உன் பெயரைக் காணோம். போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பக்கத்தை என் நாற்காலிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, "வீட்டுலேர்ந்து பார்சல் வந்திருக்கு, பிரிங்க" என்று சுற்றி நின்றார்கள்.

போனில் பேச ஆரம்பித்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் இடையில் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும் என்று நீதானே சொன்னாய். மூச்சு வாங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

உன் கருவியைப் பிரித்தோம். டார்ச் லைட் மாதிரி இருக்கிறது, அமுக்கினால் கயிறு பாய்ந்து போய் எதிரில் இருப்பவன் காலைச் சுற்றிக்கொள்ளும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதற்குள் பெயரும் வைத்தாகிவிட்டது, சிலந்தி. நம் சார்ஜன்ட் இடிதான் முதலில் கையில் எடுத்தார். (அவர் ரகசியம் பேசினால்கூட ஜன்னல் கண்ணாடி அதிரும், மறந்திருக்க மாட்டாய்.) கோட்டு மாட்டும் கட்டையைக் குறி வைத்து அமுக்கினார். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கட்டை சாய்ந்தது, அதில் தொங்கிய இன்ஸ்பெக்டர் தொப்பி டீக்குள் விழுந்தது. கட்டைக்கு ஒரே கால் என்பதால் வெற்றி என்று இடி அறிவித்துவிட்டார்.

சிரிப்பு இருக்கட்டும். என் இடுப்பு பெல்ட்டில் ஏற்கெனவே லத்தி, விலங்கு, மிளகு ஸ்பிரே, டார்ச், வாக்கி டாக்கி, துப்பாக்கி எல்லாம் தொங்குகின்றன. காரில் உட்கார்ந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் குத்துகிறது. இதை எங்கே மாட்டுவது, கழுத்திலா? மிளகு ஸ்பிரே வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள். முதல் தடவை அடித்ததும் காற்று திரும்பி நாங்கள் எல்லாரும் அழுதோம், திருடன்தான் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். அடுத்து வலை வீசும் குழாய் வந்தது. அந்த வலை இப்போது ஸ்டேஷன் பின்புறத்தில் தக்காளிச் செடியைப் பறவைகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தலைமையகம் அனுப்பியதில் உருப்படியாக வேலை செய்வது அது ஒன்றுதான்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஊரில் இத்தனை ஸ்டேஷன் இருக்க, சோதனைக்கு எங்கள் ஸ்டேஷனை ஏன் பிடித்தார்கள்? நீதான் எழுதிக் கொடுத்தாயாம். இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கட்டிய புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தலையில் கட்டிவிட்டாயே.

சின்னவன் நலம். அவன் தையல் கடையில் வேலை இருக்கிறது. உன் குளிர் கோட்டுக்கு உள்துணி மாற்றிக்கொண்டிருக்கிறான்.

உன் வீட்டுக்காரன்

---

மார்ச் 9

உங்களுக்கு,

தொப்பி டீயில் விழுந்ததைப் படித்து வகுப்பு நடுவில் சிரித்துவிட்டேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே தங்கும் அறை ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் மாடியில் இருக்கிறது. பயிற்சி கீழே விளையாட்டுக்கூடத்தில். ஒவ்வொரு புது வகுப்பிலும் முதலில் என் காலைத்தான் கட்டச் சொல்கிறேன். கட்டப்படுவது எப்படி இருக்கும் என்று தெரியாமல் நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது இல்லையா. மெத்தை போட்டிருந்தாலும் முழங்கால் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் உங்களை மாதிரிதான், கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். "இதுக்கு என் வாயே போதும் மேடம்" என்று ஒருவர் சொன்னார். நீங்களே பேசுகிற மாதிரி இருந்தது.

ஏன் உங்கள் ஸ்டேஷன் என்று கேட்டீர்கள். சின்னவனுக்காக.

நான் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று என் பெட்டியை வாங்கிக்கொண்டான். நமக்குப் பிள்ளை இல்லை என்ற குறையை அவனால்தான் பாதி மறந்தேன். அவனுக்கு அந்த வியாதி ஏறும்போது என்ன ஆகிறது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். காதில் யாரோ பேசுகிறார்கள், தெருவுக்கு வந்துவிடுகிறான், கையில் கத்தரிக்கோல். தையல்காரன் கையில் கத்தரிக்கோல் இருக்கத்தான் செய்யும். ஆனால் வண்டியிலிருந்து இறங்குகிற போலீஸுக்கு அவன் தையல்காரன் என்று தெரியாது, ஒரு ஆள், ஒரு ஆயுதம், அவ்வளவுதான் தெரியும். அவர் கையில் அப்போது துப்பாக்கி மட்டும்தான் இருக்கிறது என்றால் என்ன நடக்கும் என்று நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

முன்பு அவன் தெருவுக்கு வந்த இரண்டு தடவையும் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். ஒரு நாள் நீங்கள் இல்லாமல் போகலாம். அன்றைக்காகத்தான் அனுப்பினேன்.

முன்கூட்டியே சொல்லியிருந்தால், என் தம்பியைக் கட்டிப்போடக் கயிறு அனுப்புகிறாயா என்று கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

உங்கள் மனைவி

---

மார்ச் 14

என் தம்பியைக் கட்டிப்போடக் கயிறு அனுப்புகிறாயா?

கேட்டுவிட்டேன். இப்போது தெம்பை வரவழைத்துக்கொள்.

நான் இல்லாமல் போகலாம் என்று சாவகாசமாக எழுதியிருக்கிறாய். நான் எங்கே போகப்போகிறேன்? இந்தத் தெருவிலேயே பிறந்து, இந்தத் தெருவுக்கே காவலும் இருக்கிறேன். சின்னவன் தெருவில் இறங்கினால் நான் செய்வது ஒன்றுதான், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. பிறகு பேசுவேன். எதையாவது பேசுவேன், காலையில் என்ன சாப்பிட்டேன், யார் கால்சட்டை கிழிந்தது, இப்படி. அவன் காதில் பேசுகிறவர்களைவிட நான் அதிகம் பேசினால் போதும். கொஞ்ச நேரத்தில் அவனும் பக்கத்தில் வந்து உட்காருவான். நீங்கள் எல்லாரும் தூரத்தில் நில் என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள். நான் கிட்டே போகிறேன். என் வழியில் இதுவரை ஒரு ஆள் விழுந்ததில்லை.

கோபம் இருந்தாலும் நீ அனுப்பிய பயிற்சி வீடியோவை முழுக்கப் பார்த்தேன். ஒன்று கவனித்தாயா? உங்கள் கூடத்தில் கட்டப்படுகிறவர்கள் எல்லாரும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். இரண்டு காலும் ஒட்டி, கை தொடையோடு. விழுந்தால் அடிபடுமோ என்று பயந்து, அதிகம் அசையாமல் கட்டு வாங்கிக்கொள்கிறார்கள். தெருவில் பைத்தியம் பிடித்த மாதிரி நிற்கிறவன் காலை ஒட்டி வைத்துக்கொண்டா நிற்பான்? அகட்டி நிற்பான், நடப்பான், ஓடுவான். அப்போது உன் சிலந்தி எதைச் சுற்றும், காற்றையா?

உன் கோட்டு இன்னும் முடியவில்லை. உள்துணி சரியாக உட்காரவில்லை என்று பிரித்துப் பிரித்துத் தைக்கிறான். உனக்கென்றால் அவ்வளவு அக்கறை.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன், கடுமையாகத்தான் இருக்கிறது. கிழிக்காமல் அனுப்புகிறேன். முழங்காலுக்கு ஐஸ் வை.

---

மார்ச் 19

உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கோபத்தில் கூடத்துக்கு இறங்கிப் போய், வகுப்பில் இருந்தவர்களிடம், "இன்னிக்கு யாரும் நிக்கக்கூடாது, நடங்க, என்னை அடிக்க வர்ற மாதிரி வாங்க" என்று சொன்னேன். நீங்கள் எழுதியது தப்பு என்று நிரூபித்து உங்கள் மூக்கை உடைக்கலாம் என்ற ஆசைதான்.

என் மூக்குதான் உடைந்தது. பாதித் தடவைக்கு மேல் கயிறு காலில் பட்டுக் கீழே விழுந்துவிட்டது. காலை ஒட்டி வைக்கச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரவர் பயத்தில் அப்படியே நின்றிருக்கிறார்கள், நாங்கள் அதையே கருவியின் வெற்றி என்று இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தோம். பயிற்சித் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "மேலிடத்துல காட்டுற வரைக்கும் இதை எழுத வேணாம்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. உங்களுக்கு நன்றி சொல்வதா, உங்களைத் திட்டுவதா தெரியவில்லை.

இருந்தாலும் கேளுங்கள். நின்றுகொண்டிருக்கும் ஆளுக்கு இது வேலை செய்கிறது. துப்பாக்கிக்கும் லத்திக்கும் நடுவில் எதுவும் இல்லாததைவிட, பாதி நேரம் வேலை செய்கிற ஒன்று இருக்கட்டும். உங்கள் ஆட்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். அமுக்கும் முன்னால் "கயிறு" என்று சத்தமாகக் கத்த வேண்டும். வெடிச்சத்தம் கேட்டுப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்திருக்கிறவர் பதற்றத்தில் சுட்டுவிடுவார், அதற்காக. கத்துவதற்கு இடியைவிட்டால் வேறு யார்?

இனி முக்கியமான விஷயம். தையலைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அது அக்கறை இல்லை. போன தடவையும் தெருவில் இறங்குவதற்கு முன்னால் இப்படித்தான், ஒரே காலரை நாள் முழுக்கப் பிரித்தான். மருந்து சாப்பிடுகிறானா என்று பாருங்கள். அவனைக் கேட்காதீர்கள், டப்பாவைப் பாருங்கள்.

கோட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர் போய்விட்டது என்று சொல்லுங்கள்.

---

மார்ச் 23

மேடம்,

டப்பாவைப் பார்க்கவில்லை. வளர்ந்த ஆளின் மருந்து டப்பாவைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தால் நான் அண்ணனா, போலீஸா? அவனைத்தான் கேட்டேன். "சாப்பிடுறேண்ணா" என்றான். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். எனக்கு அது போதும். கொஞ்சம் இளைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

உன் மனசுக்காக ஒன்று செய்தேன். தையல் கடையிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும், நான் விடுப்பில் இருந்தாலும், எனக்கு போன் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று இடியிடமும் வண்டி ஓட்டும் அம்மாவிடமும் வாக்கு வாங்கியிருக்கிறேன். அந்த அம்மா நல்லவர், கை சுத்தம், ஆனால் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் வரும்வரை ஒன்றும் செய்யாதீர்கள் என்றேன். சரி என்றார்கள். கயிறு என்று கத்தவும் பழக்கிவிட்டேன். இடி கத்தியதில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாயே, அதைப் படித்துவிட்டு ஸ்டேஷனில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

பல் ஒன்று ஆட்டம் காண்கிறது. வலி உயிர் போகிறது. புதன்கிழமை பிடுங்கப் போகிறேன்.

---

மார்ச் 27

எடி,

நேற்று முன்தினம் போனில் சின்னவன் நல்லா இருக்கான், நானும் நல்லா இருக்கேன், எழுதறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேச என்னால் முடியவில்லை. ஏன் என்று இப்போது தெரிந்துகொள்வாய். உட்கார்ந்து படி.

பல் டாக்டர் ஊசி போட்டு, வாய் மரத்துப்போகட்டும் என்று என்னைச் சாய்த்து வைத்திருந்தபோது இடியின் போன் வந்தது. வாக்கு மாறாத மனுஷர். பல்லை அப்படியே விட்டுவிட்டு, வாயில் பஞ்சோடு ஓடினேன். மூன்று தெரு தள்ளித்தான் கடை.

கடை வாசலில் துணி மாட்டும் பொம்மை கிடந்தது. உன் கோட்டு நடைபாதையில் துண்டு துண்டாக. அவன் தெரு நடுவில் காலுறையோடு நின்றிருந்தான், பெரிய கத்தரிக்கோல் கையில். வண்டிக் கதவுக்குப் பின்னால் அந்த அம்மா துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தார், இடி சிலந்தியோடு இந்தப் பக்கம். நான் வரும்வரை காத்திருந்தார்கள். அதற்காக இரண்டு பேரையும் கும்பிட வேண்டும்.

நான் வழக்கம் போல நடைபாதையில் உட்கார்ந்தேன். பஞ்சைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தேன்.

பேச்சு வரவில்லை. பாதி முகம் என்னுடையதாகவே இல்லை. உதடு ஒரு பக்கம் தொங்குகிறது, எச்சில் வழிகிறது. "வா, ஒக்காரு" என்று சொல்ல நினைத்தால் வேறு ஏதோ உளறல் வருகிறது. இத்தனை வருஷமாக என் வாயை மட்டுமே நம்பிப் பிழைத்தவன் நான். அது அன்றைக்கென்று பார்த்துக் கம்பி நீட்டிவிட்டது.

அவன் என்னையே பார்த்தான். "நீ அவன் இல்ல. எங்க அண்ணன் மூஞ்சிய மாட்டிக்கிட்டு வந்திருக்க" என்றான். பயந்துவிட்டான், அவ்வளவு பயம் அவன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. அண்ணனை என்ன செய்தாய் என்று கேட்டுக்கொண்டே என் மேல் வந்தான்.

இடி கயிறு என்று கத்தினார். தெருவே நடுங்கியது. அமுக்கினார். நீ எழுதிய மாதிரியே ஆயிற்று, நடக்கிற கால், கயிறு முழங்காலில் பட்டுக் கீழே விழுந்தது. அந்த வெடிச்சத்தத்தில் வண்டிப் பக்கம் துப்பாக்கி ஒரு துள்ளு துள்ளியதைப் பார்த்தேன். அந்த அம்மா பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "அந்தச் சொல் காதில விழலன்னா நான் சுட்டிருப்பேண்ணே" என்று. ஆகவே அவன் உயிரோடு இருப்பது முதலில் நீ எழுதிய அந்த ஒரு வரியால்.

இடியிடம் இன்னொரு சிலந்தி இருந்தது. அவன் நின்றால்தானே அது சுற்றும். எனக்கு யோசனை எல்லாம் வரவில்லை. எழுந்து போய் அவனை இறுகக் கட்டிக்கொண்டேன், கத்தரிக்கோல், கை எல்லாவற்றோடும் சேர்த்து. என் காலை அவன் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடியைப் பார்த்து என்னால் முடிந்தவரை கத்தினேன். கயிறு என்று சொன்னதாகத்தான் நினைப்பு. என்ன சத்தம் வந்ததோ, அவருக்குப் புரிந்தது.

நாலு காலையும் சேர்த்துச் சுற்றிவிட்டது. இரண்டு பேரும் மரம் மாதிரி சாய்ந்தோம், உன் கோட்டுத் துணி மேல். கத்தரிக்கோல் என் தோளில் கொஞ்சம் இறங்கியிருந்தது. பயப்படாதே, ஐந்தாறு தையல், அவன் பார்த்தால் வேலை சுத்தமில்லை என்பான்.

கீழே கிடந்தபோது அவன் மூஞ்சி என் மூஞ்சிக்கு அவ்வளவு பக்கத்தில். நான் அவனைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் உதட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணா, உன் வாய்க்கு என்ன ஆச்சு?" என்றான்.

பல்லு என்றேன்.

"வலிக்குதா?" என்றான்.

நடுத்தெருவில் கட்டுண்டு கிடந்துகொண்டு நான் அழுதேன். அவன் என் எச்சிலைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டான்.

இப்போது ஆஸ்பத்திரியில் தூங்குகிறான். நான் பக்கத்தில் இருக்கிறேன்.

---

ஏப்ரல் 1

என்னங்க,

போனில் உங்கள் குரலைக் கேட்டு, குடித்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து குடிக்காதவர் ஏன் குடித்தார் என்று பதறிப்போய் இருந்தேன். மறுநாள் அறிக்கை வந்தது. அதில் தோளில் காயம் என்று இரண்டே சொல். பையைக் கட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன்.

அப்போதுதான் பயிற்சித் தலைவர், முதல் களப் பயன்பாடு வெற்றி என்று மேலே அனுப்பப்போகிறார், உங்கள் ஸ்டேஷனுக்குப் படம் எடுக்க ஆள் வரப்போகிறது என்று சொன்னார்கள். பையோடு திரும்பி அவர் அறைக்குப் போனேன். முதல் கயிறு தோற்றது, இரண்டாவது கயிறு சுற்றியதற்குக் காரணம் ஒரு மனுஷன் உள்ளே போய் நின்றது, இதை எழுதாமல் ஒரு வரிகூடப் போகக் கூடாது என்றேன். "உள்ள போய் நின்னாருன்னு எப்படிம்மா பயிற்சியில சேர்க்கிறது" என்று கேட்டார். எப்படியோ எழுத வைத்துவிட்டேன். இந்தச் சம்பவத்தின் விசாரணை முடிகிறவரை நான் இங்கேயே இருக்க வேண்டும் என்கிறார்கள், இந்த வாரம் முழுக்க.

ஆறு மாதமாக அந்தத் தெருவில் ஒருவனுக்காகப் பயந்தேன். இரண்டு பேருக்காகப் பயந்திருக்க வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. கத்தரிக்கோல் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் இறங்கியிருந்தால்? நீங்கள் செய்தது தப்பு. எந்த வகுப்பிலும் நான் அதைச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். அவன் உயிரோடு இருக்கிறான். இரண்டையும் சேர்த்து எப்படி மனசில் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் துப்பாக்கி பிடித்த பெண்ணுக்கு நான் ஒரு கடிதம் எழுதலாமா? கேட்டுச் சொல்லுங்கள்.

பல்லைப் பிடுங்கினீர்களா? அவன் மருந்தை ஏன் நிறுத்தினான்?

---

ஏப்ரல் 6

என் மேடத்துக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. அந்த அம்மாவுக்கு எழுது, உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

மருந்தை ஏன் நிறுத்தினான் என்று கேட்டாய். கை நடுங்கியதாம். ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். கை நடுங்குகிற தையல்காரனிடம் யார் துணி கொடுப்பார்கள் என்று நம்மிடம் சொல்லாமல் விட்டுவிட்டான். டாக்டரிடம் சொன்னதும் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு சுலபமான விஷயம். நான் சாப்பிடுகிறாயா என்று கேட்டேனே தவிர, சாப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்போது தெளிந்துவிட்டான். நேற்று இடி ஒரு பை ஆரஞ்சோடு பார்க்க வந்தார். எனக்குப் பேச்சு திரும்பிவிட்டதால், நான் பாட்டுக்கு இனி என்ன செய்யலாம் என்று அவரிடம் அளந்துகொண்டிருந்தேன். சிலந்தியைக் கடை இருக்கும் தெருவில் பயன்படுத்தவே கூடாது என்று நான், வேண்டும் என்று அவர். உன் கட்சியையும் எடுத்துச் சொன்னேன், நியாயமாகத்தான் சொன்னேன்.

சின்னவன் ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "என் காலைப் பத்தித்தானே பேசுறீங்க? என்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றான்.

உனக்கும் எனக்கும் நடுவில் இவ்வளவு கடிதம் போய் வந்திருக்கிறது, அதில் எதிலாவது நாம் அவனைக் கேட்டோமா?

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு ரொம்பப் பயமாச்சு. முதல்லயே ஒரு தடவை கேட்டிருந்தா இதுதான்னு தெரிஞ்சிருக்கும். நான் நல்லா இருக்கிறப்பவே என் மேல போட்டுப் பழக்குங்க. கயிறுன்னு கத்தினா காலை ஒட்டி வெச்சுக்கணும்னு நான் மனசுல ஏத்திக்கிறேன். துணி வெட்டுறப்ப யாராவது கூப்பிட்டா கை தானா நிக்குது இல்ல, அந்த மாதிரி. வருமா வராதான்னு தெரியல. முயற்சி பண்ணிப் பார்க்கலாம்."

சரி, நான் பக்கத்தில் நிற்கிறேன், சேர்ந்தே கட்டு வாங்கலாம் என்றேன்.

"வேணாம்ணா. நான் தனியா நிக்கணும். ஒரு நாள் நீ இல்லாம போகலாம்" என்றான்.

நீ எழுதியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் சொன்னபோது, ஆரஞ்சுத் தோலைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று வராந்தாவுக்குப் போய் நின்றேன். இடி என் பின்னாலேயே வந்து, ரகசியமாக ஏதோ ஆறுதல் சொன்னார், வார்டில் எல்லாருக்கும் கேட்டது. அவன் சின்னவன் இல்லை. எப்போது வளர்ந்தான் என்று தெரியவில்லை.

அவன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். இடி கூடாதாம், நானும் கூடாதாம். "அண்ணி வந்து போடட்டும். அண்ணி எத்தனையோ பேருக்குப் போட்டிருக்காங்க, அவங்களும் வாங்கியிருக்காங்க" என்கிறான். விசாரணை முடிந்ததும் வா. கூடத்திலிருந்து ஒரு மெத்தையும் எடுத்துக்கொண்டு வா, உன் பயிற்சித் தலைவர் திட்டினால் திட்டட்டும். நான் தூரத்தில் நிற்கிறேன். எவ்வளவு தூரம் என்று நீ சொல்கிறாயோ அவ்வளவு தூரம்.

வெள்ளிக்கிழமை அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த மாதிரி கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டால் கயிறு நன்றாகச் சுற்றும் என்று கேட்கிறான். எனக்குத் தெரியவில்லை, அண்ணி வந்து சொல்லுவாள் என்று சொல்லியிருக்கிறேன்.